சத்தத்துக்கு எத்தனை மார்க்?

கேட்டி, டெக்ஸஸ்
செப்டம்பர் 14, 2025

அன்புள்ள மச்சான்,

கருப்பசாமி எழுதுகிறேன். உன் தங்கச்சி பர்வதத்தின் புருஷன். பதினோரு மாதமாக நீ என்னோடு பேசவில்லை, அதனால் உறவுமுறையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. குடும்ப வாட்ஸப் குரூப்பை விட்டு நீ வெளியேறிய அன்றே எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

நேற்று நம் காலேஜ் ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். இந்த சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம். மதியம் இரண்டரை மணி வெயிலில் அந்த அலுமினிய பெஞ்ச் தோசைக்கல் மாதிரி சுட்டது. பார்க்கிங்கில் நம் பக்கத்து இடத்தில் எப்போதும் கிரில் போடும் வழுக்கைத் தலை மனிதர் என்னைப் பார்த்ததும் உன்னைத்தான் தேடினார். உன்னை என்றால் உன் சிக்கன் 65-ஐ. மச்சானுக்குக் கால் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

2006-இல் கோவில்பட்டியிலிருந்து வந்த இரண்டு எம்.எஸ். பையன்கள், இந்த ஊரிலும் ஃபுட்பால் பந்து உருண்டையாகத்தான் இருக்கும் என்று நம்பி அந்த வாசலில் நுழைந்தோமே! அன்றைக்குத் தொடங்கிப் பதினேழு ஸ்டேடியம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து தலைப்பில் பத்துப் பத்து மார்க். சத்தம், மாணவர் கூட்டம், பேண்ட் வாத்தியம், வெளியே கிடைக்கும் சாப்பாடு, வெளியூர்க்காரனை நடத்தும் விதம். இணையத்தில் கண்டவனெல்லாம் டாப் டென் போடுகிறான். நம் பட்டியல் ஒரு வருஷமாகத் தூங்குகிறது. நீ இல்லாமல் அதில் ஒரு வரி ஏற்றவும் எனக்கு மனசு வரவில்லை.

நேற்றைய மார்க்கை உனக்கே அனுப்புகிறேன். மாணவர் கூட்டம் எட்டு. பேண்ட் ஏழு. சத்தத்துக்குப் பத்து. ஆமாம், பத்து! நாம் பார்த்ததிலேயே காதைப் பிளந்த பேட்டன் ரூஜ் ஸ்டேடியத்துக்கே ஒன்பதுதான் கொடுத்தோம், தெரியும். ஆனால் நாலாவது குவார்ட்டர் தொடங்கும் முன்னால் எல்லாரும் வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் சுற்றுவார்களே, அப்போது எழுந்த கத்தல் இருக்கிறதே, என் பல்லெல்லாம் ஆடியது. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை.

பிஸ்கடவேயில் நடந்தது வேண்டுமென்று செய்ததல்ல மச்சான்.

போன் பண்ணாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே சண்டை வரும். எழுது.

உன் வீட்டில் மானஸா தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

கருப்பசாமி

*

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா
செப்டம்பர் 17, 2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து உங்களை 'வாங்க போங்க' என்று கூப்பிடச் சொல்லி அம்மா என் தலையில் அடிப்பார். ஸ்டேடியத்துக்குள் மட்டும்தான் நமக்குள் 'டா'. இப்போது ஸ்டேடியமும் இல்லை, எனவே மரியாதையாகவே எழுதுகிறேன்.

வேண்டுமென்று செய்யவில்லை என்கிறீர்கள். என்ன நடந்தது என்று நானே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி, பிஸ்கடவே. போன அக்டோபர். நீங்கள் முன்னால் படியேறுகிறீர்கள், கையில் நாச்சோஸ் தட்டு. நான் நாலு படி பின்னால். கால் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் திரும்பிய சத்தம் எனக்கே கேட்டது. "மாப்ள!" என்று கூப்பிட்டேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. மேலே பத்து வரிசை தள்ளி இருந்தவன்கூட எட்டிப் பார்த்தான். நீங்கள் திரும்பவில்லை. போய் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தீர்கள். என்னைத் தூக்கி உட்கார வைத்தது பக்கத்து ஊரான எடிசனிலிருந்து வந்திருந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன சொன்னீர்கள்? "கவனிக்கல மச்சான்." இது ஒரு பதிலா? கணுக்காலில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. அதுகூட வலிக்கவில்லை. இருபது வருஷமாகக் கூடவே திரிந்தவன் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டான் என்பதுதான் வலிக்கிறது.

மார்க் விஷயம். பத்தெல்லாம் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாது. நானும் அந்த ஆட்டத்தை ரெக்கார்ட் பண்ணி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சேனாபதி

*

ஃப்ரீமான்ட்
செப்டம்பர் 21, 2025

மாப்ள,

நேற்று மதியம் ஆட்டத்தைப் பார்த்தேன். நாலாவது குவார்ட்டர் பகுதியை மட்டும் ஆறு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். டிவியில்தான் கோளாறோ என்று மானஸாவையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ பத்து மார்க் கொடுத்த இடத்தில் சத்தமே இல்லைடா.

பழைய பேண்ட் மாஸ்டர் போன மாதம் காலமாகிவிட்டாராம். துண்டு சுற்றும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அவர்தானாம். அதனால் இந்த ஒரு முறை வாயைத் திறக்காமல் துண்டை மட்டும் சுற்றுங்கள் என்று மைக்கில் அறிவித்தார்கள். டிவி வர்ணனையாளர்கள்கூட ஒரு நிமிஷம் பேசவில்லை. எழுபதாயிரம் பேர் சுற்றுகிறார்கள், துணி காற்றில் அடிக்கிற படபடப்பு மட்டும்தான் கேட்கிறது. எங்கோ ஒரு குழந்தை அழுதது, அது தெளிவாகக் கேட்டது.

நீ அங்கேயே உட்கார்ந்திருந்தாய். கத்தலில் பல் ஆடியது என்று எழுதுகிறாய்.

அதிலிருந்து எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. பிஸ்கடவேயில் நான் விழுவதற்கு முன்னால், டச்டவுன் போட்டதும் பீரங்கி வெடித்தார்கள். நான் துள்ளிக் குதித்தேன். நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பழகிப்போச்சு மச்சான்" என்றாய். முதல் முறையாக வந்த ஸ்டேடியம், என்ன பழக்கம்? அப்புறம் உன் சீட். பதினேழு ஸ்டேடியத்திலும் வரிசையின் வலது ஓரம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பாய். கால் நீட்ட வசதி என்பாய். அப்படி உட்கார்ந்தால் நாங்கள் எல்லாரும் உன் இடது பக்கம் இருப்போம்.

இப்போது போன் பண்ணாதே என்கிறாய்.

உனக்குக் காது கேட்கவில்லையா? அன்றைக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்கவே இல்லையா?

சேனாபதி

*

கேட்டி
செப்டம்பர் 22, 2025

மச்சான்,

நன்றாக இருக்கிறது! பதினோரு மாதம் கழித்து மனுஷன் ஆசையாக ஒரு கடிதம் போட்டால் நீ துப்பறிய உட்கார்ந்துவிட்டாய். சாஃப்ட்வேர்காரனுக்கு எதைப் பார்த்தாலும் அதில் ஒரு பிழை, ஒரு 'பக்' இருந்தே ஆக வேண்டும்.

துண்டு சுற்றியபோது நான் கீழே தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தேன். அங்கே டிவியில் ஓடியது. பக்கத்து ஆள் சொன்னதை வைத்து எழுதினேன். கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். மார்க்கை ஏழாக்கிக்கொள். பீரங்கிக்குத் துள்ளாதவனெல்லாம் செவிடனா? பயந்தாங்கொள்ளி நீ, துள்ளினாய்.

பர்வதத்திடம் இந்தக் கதையை எடுத்துவிடாதே. அவள் ஏற்கெனவே எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். உன் வேலையைப் பார்.

கருப்பசாமி

*

ஃப்ரீமான்ட்
செப்டம்பர் 23, 2025

பொய் சொல்லாதேடா.

நேற்று மாலை உனக்குப் போன் பண்ணினேன். எடுத்தாய். "ஹலோ மச்சான், சொல்லு" என்றாய். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. நீ, "ஆமா ஆமா மச்சான், பாத்துக்கலாம், இங்க சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

என்ன பார்த்துக்கலாம்? யார் பேசினார்கள்?

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமெல்லாம் போய்விட்டது, சத்தியமாக. என்னவென்று எழுது. நாளைக்குள் எழுதவில்லை என்றால் பர்வதத்துக்குப் போன் பண்ணுவேன்.

சேனாபதி

*

கேட்டி
செப்டம்பர் 24, 2025

மச்சான்,

சரி. எழுதுகிறேன். படித்ததும் இந்த மெயிலை அழித்துவிடு.

ஏழு வயசில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. காய்ச்சல் இறங்கியபோது வலது காது போயிருந்தது. சுத்தமாகப் போய்விட்டது. வெளியே தெரியக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தார். இடது காதை வைத்தே படித்தேன், விசா வாங்கினேன், உன்னோடு ஸ்டேடியம் ஸ்டேடியமாகச் சுற்றினேன். பொண்ணு பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா கேட்டார், "பையனுக்கு உடம்புல குறை எதுவும் இல்லையே?" என் அம்மா இல்லை என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காராசேவு தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது. உன்னை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தட்டையே பார்த்தேன். நீயே வாங்கிவந்த காராசேவு அது.

இரண்டு வருஷமாக இடது காதும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு ரீங்காரம். அப்புறம் போனில் பேச்சு குழம்பியது. பிஸ்கடவேயில் எனக்கு முன்னால் இருப்பவன் வாயசைப்பதுதான் புரியும், பின்னால் கூப்பிட்டால் ஒன்றும் தெரியாது. நீ விழுந்ததை நான் அறியவே இல்லை மச்சான். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் உன் சீட் காலி என்று உறைத்தது. அதை உன்னிடம் சொன்னால் காதைச் சொல்ல வேண்டும், காதைச் சொன்னால் கல்யாணத்தில் சொன்ன பொய்யும் வெளியே வரும். "கவனிக்கல" என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டேன்.

ஜூலையில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது காது நரம்பில் ஒரு கட்டி. கேன்சர் இல்லை. ஆனால் வளர்ந்து மூளைத்தண்டைத் தொட்டுவிட்டது. எடுக்காவிட்டால் ஒருநாள் உயிரையே எடுக்கும் என்கிறார் டாக்டர். எடுத்தால் அந்தக் காதில் மிச்சமிருக்கும் கொஞ்சமும் போகும். அதன் பிறகு எனக்கு இரண்டு காதும் கிடையாது. வலது காதில் ஒரு கருவி வைத்துப் பார்க்கலாமாம், பலிக்கும் என்று அவரே அடித்துச் சொல்லவில்லை.

ஆகஸ்டிலேயே தேதி கொடுத்தார்கள். நான் தள்ளிப் போட்டேன். சீசன் முடியட்டும் என்று சொன்னேன். டாக்டர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பர்வதத்துக்கு எதுவும் தெரியாது.

கருப்பசாமி

*

ஃப்ரீமான்ட்
செப்டம்பர் 25, 2025

அட பாவி, அட பாவி.

என்ன எழுதுவது என்று தெரியாமல் மவுரி அவென்யூ மளிகைக் கடை பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். மானஸா கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னாள். இரண்டு முறை உள்ளே போய் வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

கல்யாணப் பொய்க்கு உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். அதில் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஒரே ரூமில் ஒரே குக்கரில் சமைத்துச் சாப்பிட்டோமடா! ஒரு காது இல்லை என்றால் என் தங்கச்சியைக் கொடுத்திருக்க மாட்டேன் என்றா நினைத்தாய்? (அம்மா கொடுத்திருக்க மாட்டார். அது வேறு விஷயம்.)

இப்போது கேள். கட்டி மூளையைத் தொட்டால் தலை சுற்றும், நிலை தடுமாறும் என்று படித்தேன். நீ தினமும் உன் பொண்ணு வெண்பாவை ஸ்கூலுக்கு ஃப்ரீவேயில் கூட்டிப்போகிறாய். ஹார்ன் அடித்தாலும் உனக்குக் கேட்காது. இன்றிலிருந்து நீ ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தொட்டாய் என்று தெரிந்தால் அடுத்த நிமிஷம் பர்வதத்தைக் கூப்பிடுவேன்.

அக்டோபர் 15 வரை டைம். அதற்குள் நீயே அவளிடம் சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு. இல்லையென்றால் நான் சொல்வேன். அவள் என் தங்கச்சி. நாளைக்கு உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், "அண்ணே, உனக்குத் தெரியுமாண்ணே?" என்று அவள் கேட்பாள். நான் என்ன பதில் சொல்வேன்?

சேனாபதி

*

கேட்டி
செப்டம்பர் 28, 2025

மச்சான்,

ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். கண்ணில் பவர் கூடிவிட்டது, புதுக் கண்ணாடி வரும் வரை ஓட்டக் கூடாது என்று பர்வதத்திடம் சொன்னேன். இன்னொரு பொய். அவள் ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 29 வரை விடு. கடைசி உள்ளூர் ஆட்டம் அன்றைக்குத்தான். கெஞ்சிக் கேட்கிறேன்.

உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொல்கிறேன், கேள். வீட்டில் வெண்பா பேசுவது எனக்குக் கேட்பதில்லை. ஏதோ இங்கிலீஷில் கதை கதையாகச் சொல்கிறாள், நான் சிரிக்க வேண்டிய இடத்தை அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சிரிக்கிறேன். ஆபீஸ் மீட்டிங் எல்லாம் திரையில் ஓடும் எழுத்துதான். இந்த உலகத்தில் எனக்கு இன்னும் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். எதிரணி கையில் பந்து இருக்கும்போது எழுபதாயிரம் பேர் சேர்ந்து கத்தி, காலால் அந்த அலுமினிய பெஞ்சை மிதிக்கிறார்கள் பார், அப்போது தூரத்தில் சரக்கு ரயில் போவது மாதிரி ஏதோ ஒன்று எனக்குள் வருகிறது. காதில் கொஞ்சம், உள்ளங்காலில் மிச்சம். அந்தத் துண்டு சுற்றியபோது எனக்கு முன்னால் இருந்தவர்களின் முதுகும் துண்டும்தான் தெரிந்தன, பெஞ்சு அதிரவில்லை என்பதையும் கவனித்தேன். வெட்கம் மச்சான், அதனால்தான் பத்துப் போட்டேன். எல்லாரும் கத்துகிறார்கள், எனக்குத்தான் இந்த ரயிலும் நின்றுபோய்விட்டது என்று நினைத்துவிட்டேன்.

அக்டோபர் 11 ஆட்டத்துக்கு வா. பர்வதமும் வெண்பாவும் வருகிறார்கள். வந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்.

கருப்பசாமி

*

ஃப்ரீமான்ட்
அக்டோபர் 12, 2025

மாப்ள,

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். நேரில் இரண்டு நாள் இருந்தும் உன்னிடம் பேச முடியவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும், கத்தினால் வீடே கேட்கும். எழுதுவதுதான் இனி நமக்கு வழி போலிருக்கிறது.

முதலில் ஆட்டம். நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று பார்த்தேன். எதிரணி கையில் பந்து இருந்தால் எல்லாரும் கத்த வேண்டும், நம் பையன்கள் கையில் இருந்தால் அவர்களுக்குக் கேட்கட்டும் என்று வாயை மூட வேண்டும். இதை எனக்கே நீதான் சொல்லிக்கொடுத்தாய். நேற்று நீ முன் வரிசை ஆளின் கழுத்து நரம்பைப் பார்த்துக் கத்தினாய், அவன் நிறுத்தி ஒரு நொடி கழித்து நிறுத்தினாய். ஒருமுறை எல்லாரும் அடங்கிய பிறகு நீ மட்டும் ஓவென்று கத்திக்கொண்டிருந்தாய். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வெண்பா முகத்தை மூடிக்கொண்டு, "அப்பா, ஸ்டாப், ப்ளீஸ்" என்றாள். உனக்கு அதுவும் கேட்கவில்லை. அதனால்தான் நாச்சோஸ் வாங்குகிறேன் என்று எழுந்து போனேன்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

வழக்கமான உன் வலது ஓரச் சீட்டை நேற்று பர்வதம் பிடுங்கிக்கொண்டாள், ஞாபகம் இருக்கிறதா? "நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்" என்று. நான் தட்டோடு திரும்பி வந்தபோது மூன்றாவது குவார்ட்டர். நம் பையன்கள் கையில் பந்து. ஸ்டேடியமே அடங்கியிருந்தது. நான் அவளுக்குப் பின்னால் படியில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உன் வலது காதுப் பக்கம் சாய்ந்து, மைதானத்தைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுத முயற்சி பண்ணுகிறேன்.

"இந்தக் காது கேக்காதுன்னு கல்யாணமான ரெண்டாவது மாசமே எனக்குத் தெரியும். சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லல. சரி, நமக்கும் ஒரு வசதியாப் போச்சுன்னு நானும் இந்தக் காதுலயே எல்லாத்தையும் சொல்லிக்கிட்டேன். உங்கம்மா பேசினது, நீங்க வேலையில்லாம இருந்தப்ப நான் பாத்ரூம்ல போய் அழுதது, எல்லாம் இதுலதான் கொட்டினேன். பதிமூணு வருஷம். இப்ப அந்தக் காதும் போச்சுல்ல? வியாழக்கிழமை கிச்சன்ல கண்ணாடி பவுல் விழுந்து சுக்குநூறாச்சு, நீங்க திரும்பவே இல்ல. கண்ணுல பவர்னு சொல்றீங்க. நான் உங்க போன்ல ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் மெசேஜ் பாத்தேங்க. ஏதோ பெருசு. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. சண்டை போட மாட்டேன், ஏன் மறைச்சீங்கன்னு கேக்க மாட்டேன். செத்துகித்துப் போயிராதீங்க. இப்ப நான் எந்தக் காதுல போய்ச் சொல்றது?"

அப்போது நீ திரும்பி, "என்ன பர்வதம்?" என்றாய். அவள் வாயைப் பெரிதாகத் திறந்து, "நாச்சோஸ் வாங்கப் போன எங்கண்ணன எங்கன்னு கேட்டேன்" என்றாள். சிரித்தாள். நான் இரண்டு படி கீழே இறங்கி, அப்போதுதான் வருகிறவன் மாதிரி ஏறி வந்தேன்.

கூட்டம் மறுபடி கத்த ஆரம்பித்தது. நீ சந்தோஷமாகப் பெஞ்சை மிதித்தாய்.

அக்டோபர் 15 என்று கெடு வைத்தேன். அதை எடுத்துவிடுகிறேன். நான் அவளிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. பதிமூன்று வருஷமாகக் காத்திருக்கிறவளுக்கு அண்ணன் வந்து சொன்னால் அவமானம். நீ சொல். இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்தபிறகும் நவம்பர் 29 என்று எழுதினால், நீ எனக்கு மாப்பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை.

சேனாபதி

*

கேட்டி
அக்டோபர் 16, 2025

மச்சான்,

மூன்று நாள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சுற்றினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேற்று மாலை ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தேன், அதன்மேல் உன் கடிதத்தையும் பிரின்ட் எடுத்து வைத்தேன், இரண்டையும் அவளிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதை நீ ஒட்டுக்கேட்டாய் என்று உன்மேல் கோபப்படுவாள். படட்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்வோம்.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. என் வலது பக்கமாக வந்தாள். பிறகு இடது பக்கம் போனாள். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கடைசியில் எனக்கு நேரே வந்து நின்றாள். வெண்பாவின் ஹோம்வொர்க் நோட்டைப் பிடுங்கி, "நாளைக்குக் காலையில டாக்டர்" என்று எழுதிக் காட்டினாள். அதற்கப்புறம்தான் உடைந்து போனாள். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை கைக்குத் தெரிந்தது.

இன்று காலை போய்விட்டு வந்தோம். அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. எட்டு மணி நேரம் ஆகுமாம். முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம், நடக்கத் தடுமாறலாம், எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கினார்கள். உன் தங்கச்சி டாக்டரிடம் இருபது கேள்வி கேட்டாள். அவர் பதில் சொல்லச் சொல்ல எனக்காக எழுதினாள். பயமாக இருக்கிறது மச்சான். கட்டிக்குப் பயப்படுவதைவிட, கண் விழித்ததும் இருக்கப்போகிற அந்த நிசப்தத்துக்குத்தான் பயப்படுகிறேன். வெண்பாவை இன்று மாலை மடியில் உட்கார வைத்து என் நெஞ்சில் வாயை வைத்துப் பேசச் சொன்னேன். என்னவோ நீளமாகச் சொன்னாள். என்னவென்று கேட்கவில்லை, அதிர்வு நன்றாக இருந்தது.

நீ 27-ஆம் தேதியே வந்துவிடு. சிக்கன் 65 எதுவும் கொண்டுவராதே, உள்ளே விடமாட்டார்கள். ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் கொண்டுவா. வெளியே எட்டு மணி நேரம் பர்வதத்தின் பக்கத்தில் உட்கார். ஆபரேஷன் முடிந்து என்னைக் கொண்டுவந்து போட்ட பிறகு, நான் மயக்கத்தில் கிடக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து பேசுவாள். இவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் பேசுவாள்.

அத்தனையையும் எழுதி வை மச்சான். என்னைத் திட்டினாலும் சரி, ஒரு வார்த்தை விடாதே.

கருப்பசாமி